மண்டி போடும் வண்டியில் நின்றபடி வந்த அம்மன்

என் பிக்கப் வண்டிக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. 'மண்டி போடுற வண்டி.' பிரேக்கை மிதித்தால் போதும், மூக்கு தரையைப் பார்த்துக் குனியும், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், உள்ளே உட்கார்ந்திருப்பவன் நெற்றி கண்ணாடியைத் தேடிப் போகும். கோபுரம் தெரிகிற ஒரு தெருமுனையில் ஒருமுறை நான் பிரேக் போட்டபோது பூக்கடைக்காரர் ஒருவர் மாலை கட்டிக்கொண்டே சொன்னார்: "நீ கும்பிடலன்னாலும் உன் வண்டி அண்ணாமலையார கும்பிட்டுடுதுப்பா." கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எதற்குமே கோபம்தான் முதலில் வரும், சிரிப்பு வந்தால் மறுநாள் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாக வாங்கிய வண்டி அது. வாடகைக்கு ஓட்டினேன். நெல், மணிலாக் கடலை மூட்டை, சிமெண்டு, கல்யாணச் சாமான், எதுவானாலும் ஏற்றுவேன். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் முதல் காரியம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. இரண்டாவது காரியம், பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டை ஏற்றுவது. வண்டி செய்தவன் ஒரு டன் என்று எழுதியிருப்பான். எழுதிவிட்டுப் போகட்டும், மூட்டை ஏற்றுகிறவன் அதைப் படிக்கப் போகிறானா? இரண்டு இரும்புப் பட்டையைக் கூடுதலாக வைத்துக் கட்டினால் எவ்வளவு சுமைக்கும் பின்பக்கம் தொய்யாமல் ஜம்மென்று நிற்கும். பின்னால் நிமிர்ந்து நின்றால்தான் அது வண்டி, தொங்கினால் நோஞ்சான். நானும் ஊரோடு ஒத்து வாழ்ந்தேன். அவலூர்ப்பேட்டை சாலையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பட்டை ஏற்றிக் கொடுத்தான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் பெயிலானவர்கள்.

குனிகிற வியாதி எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் பட்டது. முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மச்சான்தான் அதைப் பெரிதாக்கினார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அடி அண்ணாமலையில் நிலம், மாடு, நாலு பேர் பேச்சுக் கேட்கிற மரியாதை, எல்லாம் உண்டு. வாயும் உண்டு. ஒரு சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்குச் சீர்வரிசைத் தட்டுகளை என் வண்டியில்தான் ஏற்றிப் போனோம். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பந்தல் வாசலில் ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி குனிந்தது. மச்சானின் நெற்றி டேஷ்போர்டில் டங்கென்று விழுந்தது. பின்னாலிருந்த லட்டுத் தட்டும் பழத்தட்டும் எகிறி கேபின் மேல் மோதிச் சிதறின. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டே இறங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மாப்ள வண்டி மண்டி போடுது பாருங்க. வண்டி போட்டா வண்டிக்காரரும் ஒரு நாள் போடுவாரு."

கேலி பேசுகிற முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு லட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன் நான். "உன் ஊட்டு பக்கமே இனிமே என் வண்டி வராதுய்யா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் நான் மலையைப் பார்ப்பேன். எங்கள் ஊரில் அது சுலபம், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அடி அண்ணாமலையில் அவர்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் புதுச் சிலை செய்யக் கொடுத்தார்கள். பழைய சிலை பின்னமாகிவிட்டது. வேலூர் சாலைப் பக்கம் ஒரு சிற்பக் கூடத்தில் கருங்கல்லில் நாலடி உயரத்துக்கு அம்மன் தயாரானாள். கொண்டு வருவதற்குப் பஞ்சாங்கம் பார்த்து நாளும் நேரமும் குறித்தார்கள். என் மனைவி அன்று சோறு போடும்போதே ஆரம்பித்தாள்.

"ஏங்க, எங்க ஊரு அம்மன் வேற எவன் வண்டியிலயோ வந்து எறங்குனா எனக்கு மொகம் எங்கங்க இருக்கும்?"

எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அந்த ஊரே என் வண்டியைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அதே வண்டியில் அம்மன் வந்து இறங்கினால் பிறகு எவன் சிரிப்பான்? சரி என்று சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் தங்கையிடம் பேசினார்.

"உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. அம்மன் நின்னுக்கினுதான் வரணும். படுக்க வச்சு எடுத்தாரக் கூடாது."

நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "நிக்க வச்சா வுழும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. வைக்கோல் போட்டு படுக்க வச்சுதான் கல்லு எடுத்துக்கினு வருவாங்க, ஊரு உலகத்துல."

"பொணம்தான் படுத்துக்கினு போவும். ஊருக்குள்ள மொத மொதல்ல வர்றவ படுத்துக்கினு வரலாமான்னு கேளும்மா. ஊரே சேந்து எடுத்த முடிவு."

நடுவில் நின்றவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

மச்சான் போன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சிற்பக் கூடத்துக்கே போய்க் கேட்டேன். சிற்பி சிரித்தார். அவர்களுக்கு இது பழக்கம். சில ஊர்க்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்றார். பீடத்தைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, ஆப்பு வைத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டித் தருவதாகச் சொன்னார். "ஆனா மாடு மாதிரி பதமா போவணும். கல்லுக்கு எடை மேல இருக்குது. முன்னாடி சாஞ்சுதுன்னா கயிறு தாங்காது" என்றார். நான் வாசலில் நின்ற என் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். மாடாவது? அது குட்டிக்கரணம் போடுகிற ஜாதி.

அன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கம் வயல் வேலிக்கு நட்டு வைக்கிற கல் கம்பம் ஒன்று என் வீட்டு ஓரமாகக் கிடந்தது. மெக்கானிக்கையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதை வண்டியில் நிற்க வைத்துக் கட்டினேன். ஏரிக்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். நான் மட்டும்தான் வண்டியில். வேகமெல்லாம் ஒன்றும் போகவில்லை, சைக்கிளைத் தாண்டுகிற வேகம்தான். பிரேக்கை மிதித்தேன்.

வண்டி குனிந்தது. பின்னால் கயிறு அறுகிற சத்தம் ஒன்று, அதை ஒட்டியே இன்னொரு சத்தம். என் கழுத்தில் கண்ணாடித் தூள் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கேபினுக்குப் பின்னால் இருக்கும் காவல் கம்பி வளைந்து, கல்லின் முனை என் பின்மண்டைக்கு நேரே கண்ணாடியில் வந்து நின்றிருந்தது. கண்ணாடி முழுக்க வலை மாதிரி விரிசல், நடுவில் ஒரு ஓட்டை. அது வேலிக் கல். அம்மன் அதைவிட இரண்டு மடங்கு கனம்.

நான் இறங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் மனைவியை அனுப்பி மச்சானை வரவழைத்தேன். வண்டியைக் காட்டினேன், பேசவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், படுக்க வைக்கச் சம்மதிக்கட்டும் என்பது என் எண்ணம். அவர் வளைந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேபின் கதவைத் திறந்து, என் சீட்டில் கை வைத்து, அங்கேயிருந்து கண்ணாடி ஓட்டை வரைக்கும் பார்வையால் அளந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் தங்கையிடம் சொன்னார்:

"ஊரு முடிவ நான் ஒருத்தன் மாத்த முடியாது. அம்மன் நின்னுக்கினுதான் வருவா. அவளுக்கும் கேபினுக்கும் நடுவுல நான் நிக்கிறேன். புடிச்சிக்கிறேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோயில் காரியத்துக்குக் காப்புக் கட்டியவர், பத்து பேர் பார்க்க அம்மனைக் கட்டிப் பிடித்தபடி ஊர்வலம் வர ஆசை. அதுதான் நான் புரிந்துகொண்டது. "கல்ல புடிக்கிறதுக்கு உங்க அண்ணன் இன்னா கிரேனா?" என்று கத்தினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் என் மனைவி அழ ஆரம்பித்தாள். "எனக்குன்னு இருக்கிறது ஒரு அண்ணன்ங்க. உங்க வண்டிக்கும் கல்லுக்கும் நடுவுல நிக்குதுன்னு சொல்லுது. எதனா பண்ணுங்க." நான் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். நான் வராவிட்டால் அவர்கள் டிராக்டர் பெட்டியில் ஏற்றுவார்கள், அது இதைவிட மோசம். டிராக்டர் பெட்டியிலும் அந்த மனுஷன் நடுவில்தான் நிற்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஆக, எனக்கு இருந்த ஒரே வழி வண்டியின் குனிகிற புத்தியை மாற்றுவது. அம்மன் வரும் நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். முன்பக்கம்தானே குனிகிறது, முன்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றான். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றினான். எண்ணெய் கசிந்து, கையால் அழுத்தினாலே உள்ளே போய்த் திரும்பி வராமல் கிடந்தது. "இதாண்டா உன் வியாதி" என்று புதுசு மாட்டினான். ஓட்டிப் பார்த்தோம். முன்பெல்லாம் பொத்தென்று குனிந்த வண்டி இப்போது நிதானமாகக் குனிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். வேலிக் கல்லைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டிப் பார்த்தோம், அது மெதுவாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் போயிற்று.

அடுத்த நாள் பழைய லாரி டயரை வெட்டி முன் ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்தான். வண்டி குனிவது கம்மியானது, ஆனால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. கல் நின்ற இடத்தில் நின்றபடி ஆடியது. பிரேக் போட்டால் நிற்கிற தூரமும் குறையவில்லை. டயர்த் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். அவனும் ஸ்பேனரை எறிந்தான். "உன் மச்சான் நிக்கிறாருன்னா நான் இன்னாடா பண்றது?" என்று அவன் கத்த, "உன்னால ஆவலன்னா சொல்லுடா" என்று நான் கத்த, பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் ஒரு நடை செங்கல் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன், பைத்தியம் பிடித்தவனைப் போல. அம்மன் ஏறுகிற வண்டி என்று என் மனைவிக்கு அதைத் தினமும் கழுவ வேண்டும். வாளியில் தண்ணீர் எடுத்து வந்து சக்கரத்தில் ஊற்றினாள். முன் சக்கரத்தில் சுர்ரென்று ஆவி கிளம்பியது. அந்தப் பக்கம் போய் ஊற்றினாள், அங்கேயும் சுர்ரென்றது. பின் சக்கரத்தில் ஊற்றினாள், சத்தமே இல்லை. தண்ணீர் சும்மா வழிந்தது.

"இன்னாங்க இது, முன்னாடி தோசக்கல்லு மாதிரி காஞ்சி கெடக்குது, பின்னாடி அடுப்பே பத்த வைக்கல போல?"

நான் சோற்றில் கை வைத்திருந்தேன். அப்படியே எழுந்து போய்ப் பின் சக்கரத்து டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது. இத்தனை நேரம் நான் மிதித்த மிதியெல்லாம் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் போயிருக்கிறது. பின் சக்கரம் பிரேக்கே பிடிக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. பிறகு மூக்கு குனியாமல் என்ன செய்யும்?

கையைக்கூடக் கழுவாமல் பட்டறைக்கு ஓட்டினேன். நான் சொன்னதைக் கேட்டதும் மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைந்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானும் நுழைந்தேன். இரண்டு பேரும் முதுகைத் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டு மேலே பார்த்தோம். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போயிற்று. அதன் நுனியில் ஒரு சின்ன வால்வு. அவன் அதைச் சுட்டு விரலால் தட்டினான்.

"இது எடை பாக்குற வால்வுடா. சுமை ஏறுனா வண்டி பின்னாடி தாழும். தாழ்ந்தா இந்த கம்பி மேல தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரேக்கு ஜாஸ்தி போவும். வண்டி காலியா தூக்கிக்கினு நின்னா, பிரேக்கு கம்மி. இல்லன்னா காலி வண்டி சறுக்கும்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நாமதான் பட்டை ஏத்தி பின்னாடி தாழவே வுடாம பண்ணிட்டோமே. ஒரு டன் ஏத்துனாலும் வண்டி காலின்னே இது நெனச்சிக்கினு கெடக்குது."

அடியில் படுத்தபடியே என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். அவன்தான் பட்டை ஏற்றியவன். ஏற்றச் சொன்னவன் நான். ஊரில் ஓடுகிற பிக்கப்பில் பாதி வண்டிக்கு இதே வைத்தியம்தான் பண்ணியிருக்கிறோம். நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற வீம்பில் வண்டியைக் குனிய வைத்தது நாங்கள்தான்.

கூடுதல் பட்டையில் ஒன்றைக் கழற்றினோம். மிச்சம் இருந்த உயரத்துக்குத் தக்க, வால்வுக் கம்பியின் அடிப் பக்கம் ஒரு இரும்புத் துண்டு வைத்து நீட்டினான். முதல் தடவை ஜாஸ்தியாக நீட்டிவிட்டான். காலி வண்டியை ஓட்டிப் பிரேக் போட்டதும் பின்பக்கம் சறுக்கிப் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பியது. திரும்பவும் கழற்றி, கம்மி பண்ணி, திரும்பவும் ஓட்டி. கடைசியில் வேலிக் கல்லை நிற்க வைத்துக் கட்டி, நன்றாகவே மிதித்தேன். வண்டி நாலு காலையும் ஊன்றித் தரையோடு உட்கார்ந்தது. மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றுகொண்டது. கல் நின்றது.

மெக்கானிக் விசில் அடித்தான். எனக்கு விசில் வரவில்லை. இது வேலிக் கல். நாளைக்கு வருவது அம்மன், அதன் முன்னால் ஒரு ஆள்.

மறுநாள் காலையில் சிற்பக் கூடத்தில் சங்கிலி போட்டுத் தூக்கி அம்மனை வண்டியில் நிறுத்தினார்கள். கண் திறப்பு ஊரில் போய்த்தான், அதனால் முகத்தை மஞ்சள் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். பீடத்துக்குச் சட்டம், ஆப்பு, நாலு பக்கம் கயிறு, அம்மனுக்கு முன்னால் கேபின் பக்கமாக வைக்கோல் மூட்டை. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி, வெற்றுடம்போடு ஏறி, அம்மனைப் பார்த்தபடி கேபினில் முதுகைச் சாய்த்து நின்றார். உடைந்த கண்ணாடியை மாற்ற நேரமில்லாமல் டேப் ஒட்டி வைத்திருந்தேன். நான் சீட்டில் உட்கார்ந்து உள்கண்ணாடியைப் பார்த்தால் ரோடு தெரியவில்லை. அவர் முதுகுதான் தெரிந்தது.

என் மனைவி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி முழுக்க முந்தானையைச் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

டவுனுக்குள் நுழையும்போதே எனக்கு ஒன்று புரிந்தது. படுத்துக்கொண்டு வருகிற கல்லை யாரும் பார்க்க மாட்டார்கள். நின்றபடி வருகிற அம்மனை எல்லாரும் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்காரர் ஓடிவந்து கற்பூரம் காட்டினார். தேர் வீதித் திருப்பத்தில் இரண்டு பெண்கள் குறுக்கே நின்று கும்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மெதுவாக மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் கயிறு முனகியது, முதுகு கண்ணாடியில் பதிந்து விலகியது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். அவன் தாத்தா வரைக்கும் வாய்க்குள்ளேயே திட்டினேன், சாமி வண்டி என்பதால் சத்தமாகத் திட்ட முடியவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டினோம். சைக்கிளில் போன வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கூட்டம் கொஞ்சம் விட்டது. ராகு காலத்துக்கு முன்னால் ஊர் எல்லைக்குள் போய்விட வேண்டும். லேசாக வேகம் கூட்டினேன். எதிரே ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து ஒரு அம்மா குடத்தோடு நேரே ரோட்டுக்கு நடுவில் வந்தாள். அம்மன் பாதத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வந்தவள். அவள் கண் வண்டியையே பார்க்கவில்லை, மேலே அம்மனைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முழுக்க மிதித்தேன். வேறு வழியில்லை.

என் மனைவி "அண்ணா!" என்று கத்தினாள். நாலு சக்கரமும் கீச்சிட்டன. பின்னால் டொக்கென்று ஆப்பு நகர்கிற சத்தம். கண்ணாடியில் முதுகு வந்து மோதியது, டேப் ஒட்டிய விரிசல் நறநறத்தது. நான் கழுத்தை உள்ளே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி குனியும், பிறகு கல் வரும். அந்த இரண்டையும்தான் எதிர்பார்த்தேன்.

வண்டி குனியவில்லை. மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி மஞ்சள் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இறங்கி வாய்க்கு வந்தபடி கத்தினேன். "பயப்படாத தம்பி, அவ பாத்துக்குவா" என்று பானட்டில் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

பீடம் விரல் அகலம் முன்னால் நகர்ந்திருந்தது. அம்மன் லேசாகச் சாய்ந்து வைக்கோல் மூட்டையில் பாரம் வைத்திருந்தாள். மூட்டைக்குப் பின்னால் மச்சான். இரண்டு கையும் அம்மனின் தோளில். முகம் வெளுத்திருந்தது, மூச்சு வாங்கினார்.

"எறங்கு மச்சான்" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். "எறங்குன்னு சொல்றேன் இல்ல?"

"ஆப்ப அடிச்சிட்டு ஏறு மாப்ள. நேரம் ஆவுது."

கல்லால் ஆப்பை இறுக்கினேன், கயிற்றை இழுத்துக் கட்டினேன். இறங்க மாட்டேன் என்றார். நான் ஏறினேன். கிரிவலப் பாதையில் திரும்பி அடி அண்ணாமலை வரும்வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஊர் எல்லையில் பம்பை அடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பலகை போட்டு, பத்து பேர் கயிறு பிடித்து, அம்மனை நின்றபடியே இறக்கினார்கள். சின்னக் கீறல்கூட இல்லை. என்னைத் தேடி வந்து ஒருவர் மாலை போட்டார். 'மண்டி போடுற வண்டி' என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி குனியாததற்கு அம்மன்தான் காரணம் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். வால்வைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

மச்சானைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். அவர் முதுகில் காவல் கம்பி பதிந்த இடத்தில் குறுக்கே இரண்டு கோடு, கருஞ்சிவப்பாகத் தடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆத்திரமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"சாவணும்னு ஆசையா உனக்கு? வுழுந்திருந்தா நெஞ்செலும்பு இருந்திருக்குமா? அம்மன புடிச்சி நிறுத்த நீ யாருய்யா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லாத முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அம்மன யாரு புடிச்சது? அவ வுழுந்தா வேற கல்லு செதுக்கலாம் மாப்ள. அன்னிக்கி உன் சீட்டுல கை வச்சி பாத்தேன். கண்ணாடி ஓட்டை உன் பின்மண்டைக்கு நேரா இருந்துச்சு. ஊருக்காரங்க கேக்க மாட்டாங்க, நீயும் ஓட்டாம இருக்க மாட்ட. அதான் நடுவுல நின்னேன். என் தங்கச்சிக்கு நீ ஒருத்தன்தானே?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரைக் காப்பாற்றுவதற்காக நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன், என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் வண்டிக்கு மேல் நின்றிருக்கிறார். ஒரு வருஷம் இந்த மனுஷனைப் பார்க்காமல் மலையைப் பார்த்திருக்கிறேன்.

மனைவி கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். அவர் முதுகுக்குப் பின்னால் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து எண்ணெயைத் தடவ ஆரம்பித்தேன்.

"சொன்னேன் இல்ல," என்றார் திரும்பாமலே. "ஒரு நாள் மண்டி போடுவன்னு."

தடிப்பின் மேல் கட்டைவிரலை நன்றாக ஒரு அழுத்து அழுத்தினேன். அய்யோ என்று கத்தினார். நான் அழுதது அவருக்குத் தெரியாது, அவர் முதுகுதான் என் பக்கம் இருந்தது.